பூரணத்தம்மாள் பார்த்த முகம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே ஈசான சாமி தியானம் சொல்லிக்கொடுத்து வந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவருடைய சீடர்களில் மூத்தவள் பூரணத்தம்மாள். எழுபதைத் தாண்டியவள். புருஷன் போனபிறகு மடமே கதி என்று வந்து சேர்ந்தவள்.

ஆடி மாதம் ஒருநாள் சோற்றுத் தவலையை இறக்கும்போது நடுமுதுகில் சுரீரென்றது. படம் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் உள்ளுக்குள் புரையோடிக் கிடக்கிறது, முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கி அமுங்கிவிட்டது என்றார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கீழே விழவே கூடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வலி அடங்கியது. ஆனால் அடுத்தடுத்த எலும்புகளும் அமுங்கின. தை பிறப்பதற்குள் நன்றாகக் கூன் விழுந்துவிட்டது. கம்பை ஊன்றி நின்றால் கண்ணில் படுவது தரைதான்.

முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் சாமியின் முதல் பாடம். எல்லோரும் நிமிர்ந்து கண்மூடியிருக்க, அவள் மட்டும் ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஒரு காலையில் துணிப்பையோடு சாமி உட்காரும் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னால நிமிர முடியல, சாமி. இந்த வழி எனக்கு அடைச்சுப்போச்சு. உத்தரவு குடுங்க, மக வீட்டுக்குப் போறேன்."

"என் முகத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சும்மா?" என்றார் சாமி.

"ஐப்பசியில பாத்தது. இப்ப பாதம்தான் தெரியுது. அதுவே பாக்கியம்."

சாமி பலகையை விட்டு இறங்கினார். அவள் காலுக்கு முன்னால், வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார்.

கூடத்திலிருந்த சீடர்களில் தடுக்க எழுந்த ஒருவரை சாமி கையமர்த்தினார்.

குருவின் தலை தன் பாதத்தருகே கிடப்பதைக் கண்டு பூரணத்தம்மாளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. விலகப் பார்த்தாள், கால் நகரவில்லை. பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். தாடியில் நரை இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இளைத்துப்போயிருக்கிறார், அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. கண்கள் மட்டும் அப்படியே, அவளை நேராகப் பார்த்தன.

"நிமிர்ந்து உக்காரணும்னு நீங்கதானே சொன்னீங்க, சாமி?" என்றாள்.

"அது பலகை மேல உக்காந்து சொன்னதும்மா. உங்களுக்கு இங்கேருந்துதான் சொல்லணும். கண்ண மூட வேண்டாம். மூச்சக் கவனிங்க."