செல்வமரியாளும் அவள் சண்டைக்காரியும்

முன்னொரு காலத்தில் ஊர் ஊராய் உப்பும் கூரை ஓடும் ஏற்றிப் போன, மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒருத்தி இருந்தாள். பெயர் செல்வமரியாள். ஓடி ஓய்ந்தபின் அவளை அருங்காட்சியகமாக்கித் துறைமுகத்தில் கட்டிவைத்தார்கள். வாய் மட்டும் ஓயவில்லை. ஊரே கடலம்மா என்று கும்பிடுகிறவளை இவள் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏட்டி, அடிப்பலகையில இருந்து கைய எடு. உள்ள வந்தா பாரு.”

“ஆமா, பெரிய அரமனை,” என்று கடலம்மா சிரிப்பாள்.

செல்வமரியாளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்த நாள் முதல் கடலை உள்ளே விடாமல் இருப்பதுதான் அவள் பிழைப்பு.

ஒருநாள் அருங்காட்சியகப் பொறுப்பாளர் டெல்பின், கிரேன் வைத்து அவளைக் கரையேற்றி மேடையில் நிறுத்தினாள். “இனிமே உப்புத்தண்ணி உம்மேல படாது தாயி,” என்று தட்டிக்கொடுத்தாள். கப்பலுக்குத் தலைகால் புரியவில்லை. கடலிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கோடை வந்தது. பலகைகள் காய்ந்து சுருங்கின. இடுக்குகள் வாய் பிளந்து, உள்ளே வெயில் கோடுகோடாய் விழுந்தது. பார்க்க வந்த அதிகாரிகள், “இது தேறாதும்மா. பிரிச்சிரலாம்,” என்றார்கள்.

“ஏட்டி, கேட்டியா?” என்று செல்வமரியாள் பழக்கத்தில் கூப்பிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை.

டெல்பின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்த மீன்பிடி வள்ளத்துக்குள் கடல்தண்ணீரை ஊற்றி அப்பா ஊறப்போடுவாரே, பலகை உப்பி இடுக்கு மூடிக்கொள்ளுமே! வள்ளக்காரர் மகளுக்கு அது எப்படி மறந்தது? தலையில் அடித்துக்கொண்டு, “ஒரு மாசம் பொறுங்க சார்,” என்று கெஞ்சி, கடலிலிருந்து குழாய் இழுத்தாள்.

குழாய் வழியே வந்த கடலம்மா வாசலில் தயங்கினாள். “உள்ள வரக்கூடாதும்பியே?”

காய்ந்து பிளந்து கிடந்த செல்வமரியாளுக்கு இப்போதுதான் உறைத்தது. “என்னய இத்தன வருசமா இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்தது நீதானா?”

“பின்ன, வெளிய நின்னு வேற என்ன செய்தேன்?”

“உள்ள வா,” என்றாள் செல்வமரியாள். “காலக் கழுவிட்டு வா.”

மெல்ல மெல்ல இடுக்குகள் மூடின. அதிகாரிகள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீரில் இறக்கச் சம்மதித்தார்கள். இறங்கிய உடனே பழைய சண்டை தொடங்கியது.

“ஏட்டி, கைய எடு.”

“எடுக்கட்டா?”

செல்வமரியாள் அலைமேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

“சும்மா சொன்னேன். அங்கனயே வையி.”