ஆரஞ்சுச் சட்டை

"பாட்டு ஓடுகிற வரைக்கும் பனி உன்னுடையது. பாட்டு நின்றதும்..."

இவ்வளவுதான் ஹான்ஸோலுக்கு நினைவிருந்தது. சிறுவர் போட்டியில் முதல் பதக்கம் வாங்கிய நாளில், கொரியப் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றின் பழைய தலைவர் மைக்கின் முன் நின்று சொன்னது. மீதி வாக்கியம் கைத்தட்டலில் போய்விட்டது. அப்போது அவனுக்குப் பதினோரு வயது.

அதன் பிறகு நிறைய கைத்தட்டல்கள். பதினைந்தாவது வயதில் வெளிநாட்டில் ஒரு வெண்கலம். அன்று அவன் ஆடி முடித்ததும் பனிமேல் பொம்மைகளாக வந்து விழுந்தன. அவற்றை வைக்க வீட்டில் இடமில்லாமல் அம்மா மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். கரடியின் காது ஒன்று மூட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது அவனுக்கு இருபத்தொன்று. வலது இடுப்பு மூட்டின் ஜவ்வு இரண்டாம் முறையாகக் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. கட்டாய ராணுவச் சேவையை இனித் தள்ளிப்போட முடியாது. ஜனவரியில் தேசியத் தேர்வுப் போட்டி. தேறினால் உலகப் போட்டி. தேறாவிட்டால் அவனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

சியோல் நகரத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சறுக்கு அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பயிற்சி செய்வார்கள். யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ அவர் கையில்லாத ஆரஞ்சுச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும்.

அன்று விடியற்காலையில் ஆரஞ்சுச் சட்டை ஹான்ஸோலின் மேல் இருந்தது. நான்கு சுற்றுத் தாவலுக்காக எழும்பினான். நான்காவது சுற்று முடிவதற்குள் தரை வந்துவிட்டது. அதே வலது இடுப்பின் மேல் விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், தடுப்புப் பலகையில் மோதி நின்றான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சான்யுல் அவனை ஒரு வட்டம் சுற்றி வந்தான். ஹான்ஸோலின் ஆசிரியையிடமே பயிலும் பதினைந்து வயதுக்காரன். மூத்தவனை 'ஹ்யோங்' என்றுதான் கூப்பிடுவான். அண்ணா என்று பொருள்.

"ஹ்யோங், எழுந்திருக்கிறீங்களா, இல்ல அங்கேயே வீடு கட்டப் போறீங்களா?"

"கட்டி முடிச்சாச்சு. மாடி வாடகைக்கு இருக்கு, வர்றியா?"

"ஐயோ, குளிரும்!"

சிரித்துக்கொண்டே சறுக்கிப் போய்விட்டான். ஹான்ஸோல் எழவில்லை. காத்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியை மா யங்சுக் அதிகம் பேசாதவர். விழுந்தால் "மறுபடி" என்பார். அழகாக இறங்கினாலும் "மறுபடி" என்பார். இத்தனை வருஷமும் அவன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறான்.

அந்தச் சொல் வரவில்லை.

பாட்டு முடிந்தது. பலகையைப் பிடித்து அவனாகவே எழுந்தான். அவர் நின்ற இடத்துக்கு வந்தான்.

"சொன்செங்நிம்." ஆசிரியரை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். "நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"என்ன சொல்லணும்?"

"மறுபடின்னு."

அவர் குடுவையின் மூடியில் பார்லித் தண்ணீர் ஊற்றி அவனிடம் நீட்டினார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"வலி இல்லை."

"வலியைக் கேக்கலை."

அவன் தண்ணீரைக் குடித்தான். மூடியைத் திருப்பிக் கொடுத்தான்.

"இனிமே இது தாங்காதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இலையுதிர் காலத்திலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை." குடுவையை மூடிவிட்டு, "நானும் என்னைக் கேட்டுக்கலை" என்றார்.

பின்னால் ஒரு சிறுமி சுழன்றுகொண்டிருந்தாள். அவள் காலணியின் கத்தி பனியைச் சுரண்டும் சத்தம் இருவருக்கும் நடுவே வந்து வந்து போனது.

"நான் மொத மெடல் வாங்கினப்ப அந்தத் தலைவர் பேசினாரே. பாட்டு ஓடுற வரைக்கும் பனி உன்னுடையதுன்னு. பாட்டு நின்னதும்... அதுக்கப்புறம் என்ன சொன்னார்?"

"நீதானே பக்கத்துல நின்னே?"

"நான் மெடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"சட்டையைக் கழட்டு."

ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவர் அதை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உக்காரு."

பலகைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். அவர் கைபேசியைத் தடவினார். ஹான்ஸோலின் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

பியானோவின் முதல் இரண்டு ஒலிகளிலேயே எல்லோரும் பலகையோரம் ஒதுங்கிவிட்டார்கள். அந்தச் சிறுமி பாதிச் சுழற்சியை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினாள். நடுப்பனி முழுவதும் காலியானது. வெள்ளையாக, அகலமாகக் கிடந்தது. தனக்காக அத்தனை இடம் காலியாவதை ஹான்ஸோல் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.

அவர்கள் ஆரஞ்சு நிறத்தைத் தேடினார்கள். இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி தோளைக் குலுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. சிறுமி விட்ட இடத்துக்கே வந்து மறுபடியும் சுழல ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் பனி பழையபடி நிறைந்துவிட்டது.

பாட்டு ஓடியது. அதில் எந்த இடத்தில் எந்தத் தாவல் என்று அவன் உடம்புக்குத் தெரியும். ஒவ்வொரு இடம் நெருங்கும்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் தோள்கள் தாமாக இறுகித் தளர்ந்தன.

சற்று முன் அவன் விழுந்த இடம் பாட்டில் வந்தது. அதே நேரத்தில், தன் போக்கில் எதிர்ப்பக்கமிருந்து வந்த சான்யுல் எழும்பினான். நான்கு சுற்று. ஒற்றைக் காலில் இறங்கி, கைகளை விரித்து, பின்னோக்கி நீளமாக வழுக்கிக்கொண்டு போனான்.

பலகைவரை பாய்ந்து வந்தான். மூச்சு வாங்கியது.

"ஹ்யோங்! பாத்தீங்களா?"

"பாத்தேன். இறங்கறப்ப இடது தோளை விட்டுட்டே."

"இருந்தாலும் நாலு!"

"ஆமா. நாலு."

சான்யுல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இது உங்க பாட்டுல்ல? நான் கவனிக்கவே இல்லை. மன்னிச்சுக்கோங்க ஹ்யோங்!"

"பரவாயில்லை, போ."

போய்விட்டான்.

கடைசியில் பியானோ மட்டும் தனியாக ஒலித்து அடங்கியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டு நின்றது யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஹான்ஸோல் ஆசிரியையின் பக்கம் திரும்பினான்.

"புரிஞ்சுது, சொன்செங்நிம். பாட்டு நின்னதும் என்ன ஆகும்னு காட்டினீங்க."

"இல்லை" என்றார் மா யங்சுக். "பாட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துது."

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அம்மா இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவனுக்குப் பதினோரு வயதானதிலிருந்து அவள் விடியற்காலைத் தூக்கம் அந்த வண்டிக்குள்தான். கண்ணாடியைத் தட்டினால் விழித்து, முதலில் அவன் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் "எப்படிப் போச்சு?" என்று கேட்பாள். சில மாதங்களாக முகத்தை மட்டும் பார்க்கிறாள். கேட்பதில்லை.

"நான் நிறுத்திடட்டுமா?" என்றான்.

"நான் எது சொன்னாலும் நீ செஞ்சிருக்கே. ஒண்ணைக்கூட விட்டதில்லை."

"அதனாலதான் கேக்கறேன்."

"அதனாலதான் சொல்லலை."

மடித்த ஆரஞ்சுச் சட்டையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் தடுப்புப் பலகையின் மேல் வைத்தார். பிறகு பலகையோரமாகவே நடந்து மறுமுனைக்குப் போனார். அங்கே சான்யுல் இன்னொரு முறை எழும்பி, நிலை தவறி, முழங்கையை ஊன்றி விழுந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு பனிமேல் கிடந்தான்.

"மறுபடி" என்றார் அவர்.

சான்யுல் எழுந்தான்.

ஹான்ஸோல் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தான். கத்திகளின் ஈரத்தைத் துணியால் துடைத்தான். அன்று மதியம் தேசியத் தேர்விலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டான்.