பறந்துபோன ஆமை

ஜெனிலா படிக்கிறது அஞ்சாங்கிளாஸ். புஸ்தகத்தைத் தொறந்தா ஒரு வரிகூட வாசிக்க வராது. ஆனா காதுல விழுந்தது எதையும் விடமாட்டா. இருமல், தும்மலோட அப்படியே திருப்பிச் சொல்லுவா.

பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்த அதிகாரி கோதண்டபாணி, தொப்பை முன்னால வர, அவகிட்ட வந்து நின்னாரு.

"ஏய், இந்தப் பாடத்தைப் படி! தப்புவிட்டா இன்னைக்கே மூணாங்கிளாஸுக்குப் போயிரணும்."

"சார், உங்க கம்பீரமான குரல்ல ஒருவாட்டி கேட்டுட்டா, அப்படியே படிச்சிருவேன் சார்."

அவருக்கு உச்சி குளுந்துபோச்சு. கண்ணாடி போட்டாக் கெழவன்னு சொல்லிருவாங்களேன்னு வெறுங்கண்ணோட, புஸ்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிச்சு வாசிச்சாரு. முடிச்சதும் ஜெனிலா அதே தொண்டையில ஆரம்பிச்சா.

"க்க்கும்! கடலாமை மெதுவாகக் கரைக்கு வந்து... ம்ம்... க்க்கும்... வானத்தில் பறந்து சென்றது!"

கிளாஸே உருண்டு சிரிச்சுது.

"ஆமை எங்கடி பறக்கும்?"

"நீங்கதான் சார் பறக்கவிட்டீங்க. நடுவுல மணல்ல முட்டை போடுற வரி, பறவை வர்ற வரி ரெண்டையும் விட்டுட்டீங்க. புள்ளைங்க தெனம் சத்தமாப் படிக்கிறதை நான் கேட்டுக்கிட்டே இருக்கிற பாடம்தானே சார்?" கிட்ட வந்து மெதுவாக் கேட்டா: "உங்களுக்கும் எழுத்தெல்லாம் நண்டுக்குஞ்சு மாதிரி ஓடுதா சார்? அப்ப மூணாங்கிளாஸுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போயிருவமா?"

"வேணாம்மா, வேணாம்! நீ இங்கயே இரு. உனக்கு வாயாலயே பரீட்சை வைக்கச் சொல்றேன்"னு சொல்லிட்டு, வாசல் எங்கன்னு தேடிக்கிட்டே போனாரு மனுசன்.