சொட்டு தாவின அஞ்சு கல்லு

ஒரு ஊர்ல ஒரு குட்டை, அந்தக் குட்டையில ஒரு தவளைக்குஞ்சு. பேரு சொட்டு. நீ "ம்" கொட்டினாத்தான் தங்கம் அவன் தாவுவான்.

"ம்."

வெயில்ல குட்டை வத்திப் போச்சு. எல்லாத் தவளையும் பெரிய ஏரிக்குக் கிளம்பிடுச்சு. கரைக்கல்லுல இருந்து தாவித் தாவிப் போயி, அஞ்சாவது கல்லுல இடப்பக்கம் திரும்பினா ஏரி. மத்த எங்க திரும்பினாலும் சேறு. சுத்தியும் கோரைப்புல்லு, முன்னாடி போறவங்க முதுகுகூடத் தெரியாது. எண்ணித்தான் போகணும். தம்பியைச் சுமந்துக்கிட்டு அம்மா முன்னாடி போயிட்டா. "எண்ணிக்கிட்டே வந்துரு சொட்டு"ன்னு அக்கரையில இருந்து அவ குரல் மட்டும் வருது.

சொட்டு எண்ணினான், திரும்பினான். தொபுக். சேத்துல விழுந்தான். மறுபடியும் எண்ணினான். தொபுக்.

கரையில ஆமை வாத்தியார் நாப்பது குஞ்சுகளை வரிசைகட்டி அனுப்பிக்கிட்டு இருந்தார். "எங்கே, ஒண்ணு ரெண்டு சொல்லு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"சரியாத்தானே சொல்றே? போய் நூறு தடவை சொல்லிட்டு வா."

நூறு தடவை சொன்னான். அப்புறம் தாவினான். தொபுக்குன்னு மூக்கு வரைக்கும் சேறு.

"ம்... பாவம்."

அப்போ வளைக்குள்ள இருந்து கடுக்கன்னு பேரு வச்ச ஒரு நண்டு எட்டிப் பாத்துச்சு. "என்னடா, சேறு ருசியா இருக்கா?"

"எனக்கு எண்ணவே வராதுண்ணே."

"சொன்னது போதும். நீ தாவு, நான் கூட வரேன்."

நண்டு பக்கவாட்டுலதானே நடக்கும்? சொட்டு முகத்தைப் பாத்துக்கிட்டே சேத்துல சரக் சரக்னு கரைக்கல்லு வரைக்கும் கூட வந்துச்சு. சொட்டு கரைக்கல்லுல உக்காந்தபடியே "ஒண்ணு"ன்னான். அப்புறம்தான் காலையே தூக்கினான்.

"நில்லு நில்லு. இப்ப எதை எண்ணினே?"

"இந்தக் கல்லை."

"அட மண்டு, இது நீ கிளம்பற வீடு. வீட்டை எவனாவது எண்ணுவானா? தாவி இறங்கினாத்தான் ஒண்ணு."

அப்புறம் கொடுக்கால ஈரமண்ணுல ஒரு எழுத்துக் கீறிச்சு. "இது 'வா'. அஞ்சாவது கல்லுல இப்படித்தான் எழுதியிருக்கும். எழுத்தெல்லாம் ஏரிக்குப் போயிப் பாத்துக்கலாம்னு வாத்தியார் விட்டுட்டார். நீ இப்பவே பாத்துக்கோ."

சொட்டு அதைத் தன் விரலால ஏழெட்டு வாட்டி எழுதிப் பாத்தான். அப்புறம் வீட்டுக் கல்லுல வாயை இறுக்க மூடிக்கிட்டான். தாவினான். சளக், ஒண்ணு. சளக், ரெண்டு. சளக், மூணு. சளக், நாலு. எப்பவும் திரும்பற இடம். காலு திரும்பப் பாத்துச்சு, புடிச்சு நிறுத்தினான். சளக்.

"அஞ்சு."

ஆமாம் தங்கம், அஞ்சு. குனிஞ்சு பாத்தான். கல்லுல "வா"ன்னு இருந்துச்சு. யாரும் சொல்லாம அவனே படிச்சான். இடப்பக்கம் திரும்பி ஒரே தாவு. தப்ளாங்... தலைக்கு மேல தண்ணி, அம்மா மடி, தம்பி ஒரு உதை.

மூச்சு வாங்கினதும் சொட்டு திரும்பக் கிளம்பினான். "எங்கடா?"ன்னா அம்மா. "அங்க ஒரு சின்னக்குட்டி இன்னும் தொபுக்கு தொபுக்குன்னு விழறாம்மா. பக்கத்துல இருந்து பாத்துட்டு வரேன்."

அவன் போகட்டும். கதை ஏரியில இறங்கிடுச்சு. நீ படுத்திருக்கற பாய்தான் வீடு, அதை எண்ணாதே. கண்ணை மூடினா ஒண்ணு... ரெண்டு...

தங்கம்?

சரி, தூங்கு.