சிவப்புச் சேவலுக்கு மூன்று நாள்

மங்களநாயகி அம்மாவின் மடம் முருகன் மலையடிவாரத்தில் இருந்தது. அம்மாவுக்கு வயது நாற்பது. அவருடைய மூத்த சீடர் தாண்டவராயனுக்கு அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்தவர். யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் பழக்கம், மடத்துக்கு வந்து பதினோரு வருடமாகியும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த மாதம் இரண்டு புது வரவு. ஒருவர் வீரபாகு, தச்சுவேலையை விட்டுவிட்டுச் சீடராக வந்தவர். இன்னொன்று, யாரோ முருகனுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளைச் சேவல். நேர்ந்துவிட்டதை விற்கவும் முடியாது, அடித்துத் தின்னவும் முடியாது. இருக்கிற கோழிகளோடு சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

முறை தாண்டவராயனுக்குத் தெரியும். புதுசை மூன்று நாள் முற்றத்தில் பஞ்சாரக் கூடையால் மூடி வைத்தார். மற்றவை பார்த்துப் பழகட்டும் என்று. நான்காம் நாள் கூடையைத் தூக்கியதும் மடத்துச் சிவப்புச் சேவல் பாய்ந்து வெள்ளையின் கொண்டையைக் கிழித்தது. திரும்பவும் மூடினார். திரும்பவும் ரத்தம்.

அன்றைக்கே வீரபாகுவும் ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிவிட்டார்.

"அவர் ஏன் போறாராம்?" அம்மா கேட்டார்.

"தெரியலம்மா. விளக்கை இப்படி வைக்காதீங்க, மணியை அப்படி அடிக்காதீங்கன்னு எல்லாத்தையும் நான்தானே பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தேன்."

அம்மா வீரபாகுவை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். பிறகு தாண்டவராயனிடம், "வெள்ளையைத் திறந்துவிடுங்க. சிவப்பை மூடுங்க" என்றார்.

"சிவப்பையா? அது நம்ம சேவலாச்சேம்மா."

"மூடுங்க."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூடினார். வெள்ளை முதல் நாள் சுவரோரமாகவே நடந்தது. மறுநாள் குப்பையைக் கிளறியது, இரண்டு பெட்டைகள் பக்கத்தில் போய் மேய்ந்தன. சிவப்பு கூடைக்குள் கத்திக் கத்தி ஓய்ந்தது. தாண்டவராயனுக்கு மனசு கேட்கவில்லை. கம்பை அள்ளிக்கொண்டு போய் அதன் முன்னால் போட்டுவிட்டு வந்தார்.

நான்காம் நாள் காலை கூடையைத் தூக்கினார். சிவப்பு வெளியே வந்து முற்றத்தைப் பார்த்தபடி நின்றது. வெள்ளை கழுத்தைச் சிலுப்பியது. இரண்டும் ஒரு தடவை மோதின. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் இரை பொறுக்கப் போய்விட்டன.

"எனக்கு ஒண்ணும் விளங்கலம்மா" என்றார் தாண்டவராயன்.

"நாளைலேர்ந்து மூணு நாள் யாத்ரீகர் அறையில தங்குங்க. சாப்பாடு அங்கேயே வரும். மணி, விளக்கு எல்லாம் வீரபாகு பார்த்துப்பார்."

தாண்டவராயன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

"சிவப்பும் ஒரு தப்பும் பண்ணல" என்றார் அம்மா.