இறக்கி வைக்கும் நேரம்

"மேடம், அரை மணிக்கு ஒரு தடவை என் சர்வர் மூச்சடைச்சு நிக்குது. என்ன செய்ய?"

கேட்டுக்கொண்டே குணசீலன் உள்ளே வந்தார். ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது.

மெஹருன்னிசா டேட்டாபேஸ்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். ஊரில் யாருடைய சர்வர் படுத்தாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார்.

"நேத்து ஒருத்தருக்கு நெஞ்சுவலி. அவர் மக போன் பண்ணுது. முகவரியை அடிச்சா திரை அப்படியே நிக்குது. நாற்பது நொடி. அந்தப் பொண்ணு அழுதது எனக்கே கேட்டுச்சு."

"பிழைச்சாரா?"

"அவர் பிழைச்சார். அடுத்த ஆள்?"

"எப்போ நிக்குது?"

"செக்பாயிண்ட் வரும்போது."

வருகிற அழைப்பெல்லாம் முதலில் சர்வரின் நினைவகத்தில் சேரும். கூடவே லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி விழும்; கரண்ட் போய் வந்தால் அதைப் படித்துத்தான் சர்வர் விட்டதைப் பிடிக்கும். செக்பாயிண்ட் வந்தால், சேர்ந்தது மொத்தமும் டிஸ்க்கில் இறங்கியாக வேண்டும்; அதுவரை மற்ற வேலை நிற்கும்.

"நிமிஷத்துக்கு ஒண்ணு வெச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நாள் முழுக்க நொண்டுச்சு."

"மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு?"

"குதிரை மாதிரி ஓடுச்சு. அப்புறம் போன வாரம் கரண்ட் போச்சு. லாக்கைப் படிச்சு முடிச்சு எழுந்திரிக்க இருபது நிமிஷம். பேப்பர்ல எழுதி வண்டி அனுப்பினோம். மறுபடி அரை மணிக்கே மாத்திட்டேன்."

"ஜெனரேட்டர் இல்லையா?"

குணசீலன் நடப்பதை நிறுத்தினார்.

"இருக்கு. அதைப் பார்க்கிறவன் தாவீது. அவன் டீசல் ஊத்தினாத்தானே? இன்னைக்கு நேத்து கதையில்லை மேடம், ஆறு வருஷம். என் மக கல்யாணத்துக்கு வந்து, ரசம் தண்ணியா இருக்குன்னு சம்பந்தி காதுல விழற மாதிரி சொன்னான். சொன்னவன் மூணு தடவை வாங்கிக் குடிச்சான்."

"டீ போடவா?" என்றார் மெஹருன்னிசா.

"என் நாற்காலியைத் தூக்கி அவன் ரூம்ல போட்டுக்கிட்டான். முதுகுக்கு நல்லா இருக்காம். மேனேஜர் முன்னாடி என்னை கீபோர்டு ஜோசியர்னான். எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜரும்."

"டீயா, காபியா?"

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எல்லாரும் வந்தாங்க. அவன் வரலை. ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தனுப்பினான். ஒண்ணே ஒண்ணு."

இன்னும் நிறைய இருந்தது. எல்லாம் வந்தது. கடைசியில் மூச்சு வாங்கியது.

மெஹருன்னிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு நிமிஷம்" என்றார்.

"எது?"

"இதுல ஒண்ணையாவது தாவீதுகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அப்பப்போ சண்டை போட்டா வேலை கெடுமேன்னு."

"நடுவுல ரெண்டு தடவை உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்?"

குணசீலன் விழித்தார்.  "கேட்டீங்களா?" என்றார்.

அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்தார். மேசையிலிருந்த மெஹருன்னிசாவின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தன் சர்வருக்குள் நுழைந்தார். அரை மணியை மாற்றவில்லை. சேர்வதை மொத்தமாகத் தள்ளாமல், அந்த அரை மணி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்படி வைத்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். 

அரை மணி வந்தது. போனது. ஓர் அழைப்புகூட நிற்கவில்லை.

குணசீலன் போனை எடுத்தார்.

"தாவீது, குணசீலன் பேசறேன். போன வாரம் நீ டீசல் ஊத்தலை. அது தப்பு."



"தப்புதான் அண்ணே. வேற ஏதாவது உண்டா?"

குணசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

"உண்டு" என்றார். "ரசம் நாளைக்கு."