பண்டிதரின் வகுபடாத எண்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கணக்குக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஜமீன் மண்டபத்தில் ஆதிமூலப் பண்டிதர் நீளமான குழிப்பலகையில், இலக்கத்துக்கு ஒரு குழியாக, அந்த இலக்கம் எத்தனையோ அத்தனை குன்றிமணிகளைப் போட்டு, ஒரு பெரிய எண்ணை வைத்திருந்தார். "ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் இது வகுபடாது!" என்று ஜமீன்தாரிடம் பெருமையடித்தார்.

மண்டபம் கூட்ட வந்த வெள்ளச்சியின் துடைப்பம் பட்டுப் பலகை கவிழ்ந்தது.

"அடியே! பொழுது சாய்வதற்குள் பழையபடி அடுக்கு. இல்லாவிட்டால் ஊரைவிட்டு ஓடு!" என்று கத்தினார் பண்டிதர்.

அவள் மணிகளைப் பொறுக்கிக் குவித்தாள். "குறையுதா சாமி, எண்ணிப் பாருங்க."

பண்டிதர் எண்ணினார். "எல்லாம் இருக்கிறது."

வெள்ளச்சி ஒன்பது ஒன்பதாகப் பிரித்தாள். ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

"மணி மிஞ்சாட்டி, எப்படி அடுக்கினாலும் எண் ஒன்பதால வகுபடும்னு நீங்கதானே தினம் பிள்ளைகளுக்குச் சொல்றீங்க? வகுபடாத எண்ணுக்கு நான் எங்க போவேன்?"

பண்டிதர் மாற்றி மாற்றி அடுக்கினார். கணக்குப்பிள்ளை வகுத்து வகுத்துப் பார்த்தார். மீதியே இல்லை.

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன வேணும், கேள்!"

"பயமா இருக்கு எசமான். இனிமே இந்த மண்டபத்தைப் பண்டிதரே கூட்டட்டும்" என்று துடைப்பத்தை அவரிடம் நீட்டினாள் வெள்ளச்சி.